யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

உலான்பாதரில் ஜனவரிக்கு ஏசி வேண்டாம்.
சர்வர் அறைச் சன்னலை
ஒரு விரல் அகலம் திறந்துவைத்தால் போதும்,
மைனஸ் முப்பது உள்ளே வந்து
இயந்திரங்களின் நெற்றியில் கை வைக்கும்.
கூடவே நிலக்கரிப் புகையும்.
கீழ்த்தளத்து நூற்பாலையிலிருந்து
காஷ்மீர் ஆட்டின் பொடிமயிர் ஏறிவந்து
மின்விசிறிகளுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும்.
மாதம் ஒருமுறை பல்துலக்கும் பிரஷ்ஷால்
அதை வாரி எடுப்பேன்.
ஒரு ஸ்வெட்டரின் இடது கைக்காவது
இதுவரை சேர்ந்திருக்கும்.

பதினோரு பெட்டிகள்.
பத்துக்குப் பெயர் உண்டு:
சம்பளம், கிடங்கு, மின்னஞ்சல், சுங்கம்,
காப்புப்பிரதி, அந்தக் காப்புப்பிரதிக்கும் ஒரு காப்புப்பிரதி
என்று போகும்.
ஏழாவதின் மேல் பழுப்பேறிய சீட்டு,
பேனாவில் ஒரே வரி:
அணைக்காதே. பூ.

பூ என்றால் பூரெவ்சுரென்.
எங்கள் மொழியில் 'செய்யாதே' என்பதற்கும்
கிட்டத்தட்ட அதே ஓசைதான்.
அவன் கொரியாவுக்குப் போய்
காருக்குக் கதவு பூட்டுகிறான்.
பழைய எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

புது இயக்குநர் சோக்சோல்மா
ஏப்ரலில் வந்தாள்.
எல்லாம் மேகத்துக்குப் போகிறது என்றாள்.
வருடத்தில் முக்கால்வாசி நாள்
துடைத்துவைத்த நீல வானம் எங்களுக்கு;
மேகம் வேண்டுமென்றால்
டாலரில்தான் வாடகை கட்டவேண்டும்.

ஏழு என்ன செய்கிறது?
தெரியாது.
கடவுச்சொல்?
தெரியாது.
அணைத்துவிடு. யார் கத்துகிறார்கள் பார்ப்போம்.

கொடுமை என்று நினைக்காதீர்கள்.
எங்கள் தொழிலில் இது ஒரு முறை,
பல இடங்களில் பலித்த முறை.
பொத்தானை அழுத்தினேன்.
விசிறி நிற்க வெகுநேரம் எடுத்தது.

கணக்குப் பிரிவு கத்தவில்லை.
கிடங்கு கத்தவில்லை.
சுங்கப்பிரிவு கத்தியது,
ஆனால் அது பிரின்டர்,
அது எப்போதும் கத்தும்.
தணிக்கையாளர் சிரித்துக்கூட விட்டார்:
இந்தப் பருவத்தில் கொள்முதல் செலவு
கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம்.
நிர்வாகத் திறன் என்று குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள்,
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்
வரவேற்பறையில் ஒரு அழைப்பை
என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.
பயான்ஹோங்கோரிலிருந்து நர்மந்தாக்.
சிக்னலுக்காக மோட்டார் சைக்கிளில்
குன்றின் உச்சிக்கு ஏறியிருக்கிறாள்;
பாதிப் பேச்சைக் காற்று தின்றது.

அவள் கத்தவில்லை.

மூட்டைக்கு நாற்பது கிராம் குறைத்துப்
பணம் போட்டிருக்கிறீர்கள்.
நாற்பது கிராம் ஒரு ஆட்டின் கழுத்து.
உங்கள் தராசு பொய் சொல்லும் என்று
அந்தப் பையனிடம் முன்பே சொல்லியிருந்தேன்.
பார்த்துக்கொள்கிறேன் என்றான்.
ஒன்பது வசந்தமாகப் பார்த்துக்கொண்டான்.
என்ன ஆயிற்று, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?

ஏழை எழுப்ப நான்கு நிமிடம்.
வட்டு தொண்டையைச் செருமியது.
பூட்டை உடைக்க ஒரு முழு இரவு போயிற்று.
உள்ளே இருந்தது இருபத்தியொரு வரி:
இரவு இரண்டு மணிக்கு எழு,
எடைப் பட்டியலைத் திற,
மூட்டைக்கு நாற்பது கிராம் கூட்டு,
மூடு.
இவற்றுக்கு மேலே, கணினி படிக்காத குறிப்பு ஒன்று:
தராசை மாற்றச் சொன்னேன்.
அடுத்த வருடம் என்றார்கள்.

சோக்சோல்மாவிடம் போய்ச் சொன்னேன்,
ஒருத்தி கத்திவிட்டாள் என்று.
எனக்குக் கேட்கவில்லையே என்றாள்.
பட்டியலைக் காட்டினேன்.
முந்நூற்றுப் பத்துக் குடும்பங்கள்.
கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள்.
போட்டுவிடு, விட்டுப்போன ஒன்பது நாளுக்கும் சேர்த்து, என்றாள்.
தராசு? என்றேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
அடுத்த வருடம் என்றாள்.

அவன் எழுதிய வரிக்குக் கீழே
என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு
சீட்டின் மேல் செலோடேப் ஒட்டினேன்.
வெளியே மே மாதம்.
சன்னலை ஒரு விரல் திறந்தேன்.
புழுதி வந்தது.